எழுபத்தாறாவது இருக்கை

அமெரிக்காவில் யுனைடெட் நிறுவனத்தின் பெயரில் சிஆர்ஜே-550 என்றொரு விமானம் பறக்கிறது. உள்ளே காலெடுத்து வைத்ததும் பெட்டிகளை வைக்கப் பெரிய அலமாரிகள் தெரியும். முதல் வகுப்புக்காரர்கள் தாங்களே எடுத்துச் சாப்பிடத் தின்பண்டங்களும் குடிக்கப் பானங்களும் அடுக்கிய சிறிய மேடை ஒன்றும் உண்டு. இருக்கைகள் மொத்தம் 50. இதே உடலும் இதே இறக்கையும் கொண்ட சிஆர்ஜே-700 விமானத்தில் 70 பேர் உட்கார்ந்து போகிறார்கள். 20 இருக்கைகளைக் குறைத்து, அனுமதிக்கப்பட்ட அதிகபட்சப் புறப்பாட்டு எடையையும் 65,000 பவுண்டாகக் குறைத்துச் சான்றிதழ் வாங்கி, புதுப் பெயர் சூட்டி 2019-ல் இதைப் பறக்கவிட்டார்கள்.

பயணிக்கு இது வசதிதான். கால் நீட்டலாம், பெட்டியை வாசலில் பறிகொடுக்க வேண்டாம். ஆனால் 70 பேரை ஏற்றக்கூடிய விமானத்தில் 50 பேரை மட்டும் ஏற்ற எந்த நிறுவனமும் தானாக முன்வராது. யுனைடெட் தன் விமானிகள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் முதல் பிரிவு, வெளி நிறுவனங்கள் பறக்கவிடும் 70 இருக்கை விமானங்களுக்கு ஓர் எண்ணிக்கை வரம்பு வைத்திருந்தது. அந்த வரம்பு நிரம்பிவிட்டது. 50 இருக்கை விமானங்களுக்கு இன்னும் இடம் இருந்தது. இருபது இருக்கைகள் காணாமல் போனது அதனால்தான்.

அந்த முதல் பிரிவை விமானிகள் ‘ஸ்கோப்’ என்கிறார்கள். சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். நிறுவனத்தின் பெயரில், அதன் டிக்கெட்டில் நடக்கும் பயணங்களில் எவற்றை நிறுவனத்தின் சொந்த விமானிகள் ஓட்ட வேண்டும், எவற்றை வெளியாருக்கு விடலாம் என்று வரையறுப்பது ஸ்கோப். நாற்பது ஆண்டுகளாக அமெரிக்க விமானிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட மிகக் கசப்பான சண்டைகள் இந்தப் பிரிவைச் சுற்றித்தான் நடந்தன. நிர்வாகத்தோடு நடந்த சண்டையைவிட, சங்கத்துக்குள்ளேயே நடந்த சண்டைதான் இதில் ஊன்றிப் பார்க்க வேண்டியது என்பது என் எண்ணம்.

இதைப் புரிந்துகொள்ள, விமானியின் வாழ்க்கையில் பணிமூப்பு எண் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். வேலையில் சேர்ந்த நாளில் ஓர் எண் தருகிறார்கள். எந்த விமானத்தை ஓட்டலாம், எந்த ஊரிலிருந்து புறப்படலாம், கேப்டன் இருக்கைக்கு எப்போது போகலாம், பண்டிகை நாளில் வீட்டில் இருக்கலாமா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. திறமையோ அனுபவமோ அந்த எண்ணை மாற்றாது. இருபது ஆண்டு கேப்டனாக இருந்தவர் வேறொரு நிறுவனத்துக்குப் போனால், அங்கே பட்டியலின் கடைசிப் பெயர் அவருடையது. சம்பளமும் முதலாண்டுச் சம்பளம். ஆகவே ஒரு பொறியாளரோ கணக்காளரோ வேலை மாறுவது போல விமானி மாற முடியாது. தன் நிறுவனம் செய்யும் வேலை வேறொரு நிறுவனத்துக்குப் போனால், வேலையின் பின்னாலேயே அவரும் போக வழியில்லை.

இந்தப் பயத்தைக் கண்கூடாகக் காட்டியவர் விமான நிறுவன முதலாளி ஃபிராங்க் லோரென்சோ. 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் விமானப் போக்குவரத்தின் மீதான அரசுக் கட்டுப்பாடுகளை நீக்கியது. இரண்டே ஆண்டுகளில் லோரென்சோவின் குழுமம், ஏற்கெனவே சங்கம் உள்ள ஒரு விமான நிறுவனத்தை நடத்திக்கொண்டே, சங்கமில்லாத நியூயார்க் ஏர் என்ற இன்னொன்றைத் தொடங்கியது. 1983-ல் காண்டினென்டல் நிறுவனத்தைத் திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், தொழிற்சங்க ஒப்பந்தங்களைத் தூக்கி எறிந்தார். சுமார் 12,000 ஊழியர்களை நீக்கிவிட்டு, அவர்களில் மூன்றில் ஒரு பங்கினரை மட்டும் ஏறத்தாழப் பாதிச் சம்பளத்துக்குத் திரும்ப அழைத்தார். மற்ற நிறுவனங்களின் விமானிகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் முதலாளி பக்கத்திலேயே இன்னொரு கம்பெனி திறந்து வேலையை அங்கே தள்ளினால் நாம் என்ன ஆவோம் என்ற கேள்வி ஒவ்வொரு பேச்சுவார்த்தை மேசைக்கும் வந்தது. ஸ்கோப் பிரிவுகள் தடிமனானது அதற்குப் பிறகுதான்.

ஆனால் அந்தப் பிரிவுகளில் ஒரு விதிவிலக்கு இருந்தது. சிற்றூர்களுக்குப் பறக்கும் 19 இருக்கை, 30 இருக்கை டர்போபிராப் விமானங்களை வெளியாருக்கு விடலாம். அவற்றை ஓட்டியவர்கள் பெரும்பாலும் அனுபவம் சேர்த்துக்கொண்டு பெரிய நிறுவனத்துக்கு மாறக் காத்திருந்த இளைஞர்கள். பெரிய நிறுவனத்து விமானிகளுக்கு அதில் அக்கறை இல்லை. சத்தமும் குலுக்கலுமாகத் தாழப் பறக்கும் அந்த விமானங்களால் தங்கள் வேலைக்கு ஆபத்து வரும் என்று அவர்கள் கனவிலும் நினைக்கவில்லை.

கனடாவின் பம்பார்டியர் செய்த 50 இருக்கை ஜெட் 1991-ல் முதன்முதலாகப் பறந்தது. அமெரிக்காவில் அதை முதலில் வாங்கிய நிறுவனங்களில் ஒன்று, சின்சினாட்டியை மையமாகக் கொண்ட காமெர். 1997-ல் பிரேசிலின் எம்ப்ரேயர் செய்த போட்டி ஜெட்டும் வந்து சேர்ந்தது. இவை பெரிய ஜெட்களின் உயரத்தில், ஏறத்தாழ அவற்றின் வேகத்திலேயே பறந்தன. ஆயிரம் மைலுக்கு மேல் போகக்கூடியவை என்பதால், சிற்றூரிலிருந்து பக்கத்து நகரத்துக்கு என்ற பழைய எல்லை இவற்றுக்குப் பொருந்தவில்லை. நூறு இருக்கை விமானத்தைத் தினம் மூன்று முறை அனுப்பிய வழித்தடத்தில் ஐம்பது இருக்கை விமானத்தை ஆறு முறை அனுப்பலாம். அதிக நேரத் தெரிவு, குறைந்த விமானிச் சம்பளம்.

அப்போதே பெரிய நிறுவனத்து விமானிகள் இந்த ஜெட்களைத் தங்கள் பட்டியலுக்குள் இழுத்திருக்கலாம். எழுபதுக்குச் சற்றே குறைவான இருக்கைகள் கொண்ட ஃபோக்கர் எஃப்-28 விமானங்களை யுஎஸ்ஏர் நிறுவனத்தின் சொந்த விமானிகளே ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. சிறிய ஜெட் என்பது பெரிய நிறுவனத்து விமானிக்கு அன்னியமானதல்ல. ஆனால் 50 இருக்கை விமானம் சம்பாதித்துத் தரும் பணத்துக்கு ஏற்ற சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைந்த சம்பள வரிசையை ஒப்பந்தத்தில் ஏற்றினால் மேலே உள்ள வரிசைகளையும் அது கீழே இழுக்கும் என்று பலர் அஞ்சினார்கள். கௌரவமும் சேர்ந்துகொண்டது. டிசி-10 போன்ற பெரிய ஜெட்டை ஓட்டுகிறவர், தன் சங்கம் இந்தக் குட்டி ஜெட்டுக்காகப் பேரம் பேசுவதை விரும்பவில்லை. அன்று விட்டுக்கொடுத்ததைப் பற்றி விமானிகள் வட்டாரத்தில் இன்றுவரை வருத்தத்தோடு பேசுகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இருக்கைக் கணக்கில் கோடு போட ஒப்புக்கொண்ட அந்த நாளே, கோடு எங்கே நிற்க வேண்டும் என்ற பேரத்தையும் தொடங்கி வைத்துவிட்டது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் ஆபத்தை முதலில் உரக்கச் சொன்னார்கள். அவர்கள் 1963-லேயே தேசியச் சங்கமான ஆல்பாவிலிருந்து பிரிந்து தனிச் சங்கம் வைத்துக்கொண்டவர்கள். நிர்வாகம், ‘ரீஜனல் ஜெட்’ என்று அழைக்கப்பட்ட இந்தப் புதிய சிறிய ஜெட்களைத் தன் துணை நிறுவனமான அமெரிக்கன் ஈகிளுக்குத் தர முடிவு செய்தது. எங்கள் பெயர் எழுதிய ஜெட்டை நாங்கள்தான் ஓட்டுவோம் என்றார்கள் விமானிகள். 1997 பிப்ரவரி 15 பிறந்த நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சில நிமிடங்களிலேயே அதிபர் கிளின்டன், 1926-ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம் தந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி அதை நிறுத்தினார். ரயில்வேக்கென்று எழுதிய சட்டத்துக்குள் 1936-ல் விமானத் துறையையும் சேர்த்திருந்தார்கள். கடைசியில் ஜெட்கள், சில வரம்புகளோடு, ஈகிளுக்கே போயின. பதிலுக்கு ஓர் ஏற்பாடு வந்தது: ஈகிள் விமானிகள் வரிசைப்படி அமெரிக்கனுக்கு ஏறிப் போகலாம், அமெரிக்கனில் வேலை இழப்பவர்கள் ஈகிளுக்கு இறங்கி வரலாம். காகிதத்தில் சமமாகத் தெரிந்த இந்த ஏற்பாடு, 2001-க்குப் பிறகு வேலை இழந்த அமெரிக்கன் விமானிகள் இறங்கி வந்து ஈகிளின் கேப்டன் இருக்கைகளில் உட்கார்ந்தபோது புண்ணாகியது. மேலே போகக் காத்திருந்தவர்களுக்கு ஏணி நின்றுபோனது மட்டுமல்ல, இருந்த படியும் பறிபோனது.

காமெரின் கதை இன்னும் கூர்மையானது. 1999-ல் டெல்டா அதை வாங்க முன்வந்து, அடுத்த ஆண்டுத் தொடக்கத்துக்குள் முழுமையாகத் தன்வசமாக்கியது. டெல்டாவின் கையில் ஏற்கெனவே ஏஎஸ்ஏ என்ற இன்னொரு ரீஜனல் நிறுவனமும் இருந்தது. மூன்றுக்கும் ஒரே முதலாளி, ஒரே டிக்கெட் விற்பனை. மூன்றின் விமானிகளும் ஆல்பாவின் உறுப்பினர்கள், அதற்கே சந்தா கட்டுகிறவர்கள். ஆகவே ஏஎஸ்ஏ, காமெர் விமானிகள் தங்கள் சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். முதலாளி ஒருவர் என்றால் பணிமூப்புப் பட்டியலும் ஒன்றாக இருக்கட்டும், எங்களை இணைத்துவிடுங்கள்.

சங்கம் மறுத்துவிட்டது. இவை தனித்தனியாக இயங்கும் நிறுவனங்கள், இணைப்புக்கான நிபந்தனைகள் பூர்த்தியாகவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். சொல்லாத காரணத்தையும் எல்லோரும் அறிந்திருந்தார்கள். பட்டியல்களை இணைத்தால் 32 வயதில் காமெர் கேப்டனாக இருப்பவர், போர்விமானம் ஓட்டிவிட்டு டெல்டாவில் அப்போதுதான் சேர்ந்தவருக்கு மேலே வரக்கூடும். டெல்டா விமானிகள் அதை ஏற்க மாட்டார்கள். சங்கத்தின் வருமானத்தில் பெரும்பகுதி பெரிய நிறுவனத்து விமானிகளின் சந்தாவிலிருந்து வந்தது. ஒருபுறம் டெல்டா விமானிகளுக்காக, ரீஜனல் ஜெட்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஸ்கோப் பிரிவை ஆல்பா பேரம் பேசியது. மறுபுறம் அதே ஆல்பாவின் உறுப்பினர்களான காமெர் விமானிகளின் வளர்ச்சியை அந்தப் பிரிவு தடுத்தது. ரீஜனல் விமானிகளில் ஒரு பிரிவினர் 2001-ல் தங்கள் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். எல்லா உறுப்பினர்களையும் நேர்மையாகப் பிரதிநிதித்துவப்படுத்தும் கடமையைச் சங்கம் மீறிவிட்டது என்பது அவர்கள் வாதம். வழக்கு பல ஆண்டுகள் இழுத்துச் சமரசத்தில் முடிந்தது.

இரு தரப்பையும் நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். டெல்டா விமானியின் வாதத்தைச் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் சேர்ந்தபோது காமெர் வேறு நிறுவனம். பட்டியலில் தனக்கு முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள் நுழைவதை அவர் எதற்காக ஏற்க வேண்டும்? ஆனால் அவர் மறுத்ததால் வேலை அவரிடமே தங்கிவிடவில்லை. பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் குறைந்த கூலிக்கு அதே வானத்தில், அதே வண்ணம் பூசிய விமானத்தை ஓட்டினார்கள். அவர்கள் வெளியே நின்ற காரணத்தால்தான் அவர்களைக் காட்டி இவருடைய சம்பளத்தையும் குறைக்க முடிந்தது. கோட்டை இருக்கைகளின் மேல் போடாமல், வேலை செய்கிற மனிதர்களைச் சுற்றிப் போட்டிருக்க வேண்டும். இணைப்பு எவ்வளவு வலித்திருந்தாலும் ஒரே பட்டியல்தான் நிலையான காப்பு என்று அன்று வாதிட்ட சிறுபான்மையினரின் பக்கமே நான் நிற்கிறேன்.

2001 மார்ச்சில் காமெரின் சுமார் 1,350 விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 89 நாள். ரீஜனல் விமானி என்பவர் கடந்து போகிற பயிற்சியாளர் அல்லர், இதுவே அவர் வாழ்நாள் தொழிலாக இருக்கலாம், அதற்குரிய சம்பளமும் ஓய்வூதியமும் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். பெரும்பாலும் பெற்றார்கள். சங்க வரலாற்றில் அது ஒரு வெற்றி.

அந்த வெற்றியே பிறகு அவர்களுக்கு எதிராகத் திரும்பிய விதத்தை விளக்க, இந்தத் தொழிலின் கணக்கைச் சொல்ல வேண்டும். ரீஜனல் நிறுவனங்கள் பெரும்பாலும் டிக்கெட் விற்பதில்லை. பெரிய நிறுவனம் நேர அட்டவணை போட்டு, டிக்கெட் விற்று, எரிபொருள் செலவையும் ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் பறந்த நேரத்துக்கும் ரீஜனல் நிறுவனத்துக்கு ஒரு தொகை கொடுக்கிறது. ரீஜனல் நிறுவனத்தின் கையில் மிஞ்சும் பெரிய செலவு ஆட்களின் சம்பளம்தான். ஆட்கள் புதியவர்களாக இருக்கும்வரை செலவு குறைவு. நிறுவனம் வளர்ந்துகொண்டே இருந்தால் புதியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வளர்ச்சி நின்ற நாளிலிருந்து எல்லோருக்கும் பணிமூப்பு ஏறும், சம்பளம் ஏறும். அப்போது பெரிய நிறுவனம், நேற்றுத் தொடங்கிய இன்னொரு ரீஜனல் நிறுவனத்தின் விலையைக் காட்டும். இதைவிடக் குறைக்க முடியுமா என்று கேட்கும். முடியாது என்றால் விமானங்கள் அங்கே போகும். ஒருவரைக் காட்டி மற்றவரை அறுக்கும் இந்த முறையை அமெரிக்க விமானிகள் இருபுறமும் இழுத்து அறுக்கும் ரம்பத்தின் பெயரால் அழைக்கிறார்கள். காமெர் விமானிகள் நல்ல சம்பளம் வாங்கினார்கள், நீண்ட காலம் ஒரே இடத்தில் இருந்தார்கள். இந்தக் கணக்கில் இரண்டுமே அவர்களுக்குப் பாதகம். 2012 செப்டம்பர் இறுதியில் டெல்டா காமெரை மூடியது. இருபது ஆண்டு கேப்டன்கள் வேறு நிறுவனங்களின் பட்டியல்களில் கடைசிப் பெயராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

இதற்கிடையில் செப்டம்பர் 11 தாக்குதல் பெரிய நிறுவனங்களை ஒவ்வொன்றாகத் திவால் நீதிமன்றத்துக்குத் தள்ளியிருந்தது. 2002-ல் யுஎஸ் ஏர்வேஸும் யுனைடெட்டும். 2005-ல் ஒரே நாளில் டெல்டாவும் நார்த்வெஸ்டும். 2011-ல் அமெரிக்கன். சில நிபந்தனைகள் நிறைவேறினால் சங்க ஒப்பந்தத்தை ரத்து செய்ய நீதிபதி அனுமதிக்கலாம் என்கிறது அங்குள்ள திவால் சட்டம். அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்க, விமானிகள் சம்பளத்தை விட்டார்கள், ஓய்வூதியத்தை விட்டார்கள், ஸ்கோப்பையும் விட்டார்கள். 50 என்ற எண் 70 ஆனது, பிறகு 76. யுஎஸ் ஏர்வேஸில் வேலை இழந்த விமானிகளுக்குப் புதிய ரீஜனல் ஜெட்களின் வேலைகளில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. தங்கள் கையைவிட்டுப் போன வேலையிலேயே மிகக் குறைந்த சம்பளத்துக்குச் சேர அவர்கள் வரிசையில் நின்றார்கள். ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரைக் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பெர்கர், 2009 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியத் திட்டம் ஒழிக்கப்பட்டதையும் எடுத்துச் சொன்னார். அவர் யுஎஸ் ஏர்வேஸ் விமானி.

அதே பிப்ரவரி மாதம் 12-ஆம் தேதி இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன விமானம் ஒன்று தரையிறங்கச் சில மைல் இருக்கையில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். அவர்கள் வாங்கியது காண்டினென்டல் டிக்கெட். விமானத்தை ஓட்டியது கோல்கன் ஏர் என்ற ரீஜனல் நிறுவனம். அது ஜெட் அல்ல, டர்போபிராப். ஆனால் வேலையை வெளியாருக்கு விடும் ஏற்பாடு அதேதான். துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் 25,000 டாலரைத் தொடவில்லை. அவர் சியாட்டில் அருகே பெற்றோர் வீட்டில் வசித்தவர். முந்தின இரவு சரக்கு விமானத்தில் இடம் கேட்டு நாட்டின் குறுக்கே பயணம் செய்து நியூவார்க் வந்து, விமானிகளின் ஓய்வறையில் சாய்ந்து ஓய்வெடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். வேகம் குறைகிறது என்று கருவி எச்சரித்தபோது கேப்டன் கட்டுப்பாட்டுக் கம்பியைத் தவறான திசையில் இழுத்ததுதான் விபத்துக்குக் காரணம் என்று புலனாய்வு முடிவு செய்தது. இருவருக்கும் அன்று அயர்வு இருந்திருக்கக்கூடும் என்றும், அது எந்த அளவுக்குப் பங்களித்தது என்று அறுதியிட முடியாது என்றும் சொன்னது.

இறந்தவர்களின் குடும்பத்தார் விடவில்லை. வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள். 2010-ல் சட்டம் வந்தது. விமானத்தை உண்மையில் ஓட்டுவது யார் என்பதை டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே காட்ட வேண்டும். துணை விமானிக்கும், சில விலக்குகள் தவிர, 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். முன்பு 250 மணி நேரம் போதும். விபத்தில் இறந்த இரு விமானிகளுக்குமே 1,500 மணிக்கு மேல் அனுபவம் இருந்தது என்பதை இந்த விதியின் எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள், அது உண்மை. ஆனால் அந்த விதி எதிர்பாராத ஒன்றைச் செய்தது. மலிவான விமானிகளின் வரத்தைக் குறைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, பிறகு அந்த இடங்களை ரீஜனல் விமானிகளைக் கொண்டு நிரப்பியபோது பற்றாக்குறை உச்சத்துக்குப் போனது. 2022 ஜூனில் அமெரிக்கனின் துணை நிறுவனங்கள் ஊதியத்தை உயர்த்தின. தற்காலிகக் கூடுதல் தொகையையும் சேர்த்துப் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர், புதிய கேப்டனுக்கு 146 டாலர். முப்பது ஆண்டுப் பேச்சுவார்த்தையில் கிடைக்காதது ஆள் கிடைக்காதபோது கிடைத்தது. விலையைச் சிற்றூர்கள் கொடுத்தன. அரசு மானியத்தில் சேவை பெற்ற 29 ஊர்களிலிருந்து விலகுவதாக அந்த ஆண்டு மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் என்ற ரீஜனல் நிறுவனம் அறிவித்தது.

ஸ்கோப் எண் விமானத் தொழிற்சாலை வரை நீள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இன்று பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் பொதுவாக உள்ள எல்லை 76 இருக்கை, 86,000 பவுண்டு. அதாவது சுமார் 39 டன். எம்ப்ரேயரின் இ-175 விமானத்தில் 88 பேர் வரை உட்காரலாம் என்றாலும் அமெரிக்காவில் பெரும்பாலும் 76 அல்லது 70 இருக்கைகளோடு பறக்கிறது. அதற்கு அடுத்த தலைமுறையான இ-175-இ2, எரிபொருளை மிச்சப்படுத்தும் பெரிய எஞ்சின்களால் எடை கூடி 44 டன்னைத் தாண்டியது. 2019 டிசம்பரில் முதன்முறை பறந்தது. எந்த அமெரிக்க நிறுவனத்தின் விமானிகளும் வரம்பைத் தளர்த்தவில்லை. எம்ப்ரேயர் அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தது. ஜப்பானின் மிட்சுபிஷி, தன் ரீஜனல் ஜெட்டின் முதல் வடிவம் இந்த எடைக்குள் அடங்காததால், அதற்கேற்ற இன்னொரு வடிவத்தை வரையத் தொடங்கி, 2023-ல் மொத்தத் திட்டத்தையும் கைவிட்டது. அதன் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அட்லாண்டாவிலும் சிகாகோவிலும் விமானிகள் பிடித்து நிறுத்திய ஓர் எண், நகோயாவில் பொறியாளர்களின் வரைபலகையை மாற்றியது என்பது சிறிய விஷயம் அல்ல.

வரம்பை இறுக்கினால் வேலை திரும்பும் என்பதற்கும் சான்று உண்டு. 2012-ல் டெல்டா விமானிகள் 76 இருக்கை விமானங்களின் எண்ணிக்கை உயர இடம் கொடுத்தார்கள். பதிலுக்கு ரீஜனல் விமானங்களின் மொத்த எண்ணிக்கையை 450-க்குள் அடக்கினார்கள். நூற்றுக்கணக்கான 50 இருக்கை விமானங்கள் போக வேண்டியதாயிற்று. 88 போயிங் 717 விமானங்கள் டெல்டாவின் சொந்த விமானிகளிடம் வந்தன. பிறகு வந்த, நூறு இருக்கைக்கு மேற்பட்ட ஏர்பஸ் ஏ220-ஐயும் அவர்களே ஓட்டுகிறார்கள்.

2023-ல் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூன்றிலும் புதிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. டெல்டாவில் நான்கு ஆண்டுகளில் மொத்தம் 34 சதவீதத்துக்குக் குறையாத ஊதிய உயர்வு. 76 என்ற எண் அப்படியே நிற்கிறது. 77-ஆவது இருக்கை பொருத்தப்பட்டால் அந்த விமானம் ஒரு பட்டியலுக்கு உரியது; 76-ஆவதோடு நின்றால் இன்னொரு பட்டியலுக்கு. பத்து ஆண்டு இ-175 கேப்டனாக இருந்து, இந்த ஆண்டு பெரிய நிறுவனத்துக்கு அழைக்கப்பட்ட ஒருவர், பயிற்சி முடிந்து முதல் நாள் விமானி அறைக்குள் நுழையும்போது வலப்பக்க இருக்கையில் உட்காருகிறார். சட்டைத் தோளில் நான்கு பட்டைகள் இருந்த இடத்தில் மூன்று. கைப்பையில் புதிய பணிமூப்பு எண் அச்சிட்ட தாள்.